லைல் குசேராவின் மிச்சம்

ஜட்டியோடு மேடையில் ஏறி நிற்கச் சொன்னபோதே லைல் குசேரா நடுங்கத் தொடங்கிவிட்டான். ஆறரை அடி உயரம், ஒரு சின்னக் காளையின் எடை. அப்படிப்பட்டவன் நடுங்கினால் மேடையும் நடுங்கத்தான் செய்யும். எதிரே டொலீடோ நாரைகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து, சந்தையில் கோழி வாங்க வந்தவர்களைப் போல அவனை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையில் கோழியை வாங்கி ஆகிவிட்டது. கல்லூரியில் ஆடிய பையன்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கிக்கொள்ளும் ஏப்ரல் மாதத் தேர்வில், மூன்றாவது சுற்றிலேயே நாரைகள் அவனை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்பு இதே ஜட்டியோடு அவனைப் பலமுறை அளந்தும் இருந்தார்கள். எடுத்த பிறகு எதற்கு இன்னொரு தரம் அளக்கிறார்கள் என்பது அவனுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். திருப்பிக் கொடுக்கப்போகும் சரக்கைத்தான் மறுபடி நிறுத்துப் பார்ப்பார்கள் என்று தனக்குத் தானே முடிவுகட்டி, இன்னும் கொஞ்சம் நடுங்கினான்.

திருப்பி அனுப்பினால் அவன் போய்ச் சேரவேண்டிய இடம் நெப்ராஸ்காவில் வெல்ஸ்னி என்ற ஊர். அங்கேதான் பிரச்சினை. தேர்வு நடந்த அன்று அவன் பெயரை டிவியில் வாசித்த மறுநிமிடமே ஊர்க்காரர்கள் தீயணைப்பு வண்டியின் ஏணியை நிமிர்த்தி, ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் 'லைல் குசேராவின் ஊர்' என்று ரத்தச் சிவப்பில் எழுதிவிட்டார்கள். எழுதியவர் அவனுடைய தாய்மாமன் மார்வ், ஊரின் தீயணைப்புத் தலைவர். நெப்ராஸ்கா தோசைக்கல் மாதிரி தட்டையான பூமி. மேடு கிடையாது, மறைந்துகொள்ள நாலு மரம் கிடையாது. சோளக்காட்டில் எந்த மூலையில் நின்றாலும் அந்தத் தொட்டி தெரியும். அணியிலிருந்து விரட்டப்பட்டு ஊருக்குப் போனால், சாகும்வரை தினமும் காலையில் எழுந்து தன் பெயரைத் தானே அண்ணாந்து படிக்கவேண்டும். அதை நினைத்தாலே லைலுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

"கையை விரிப்பா," என்றார் டேப் வைத்திருந்தவர்.

விரித்தான். அளந்தவர் அளவைச் சத்தமாகச் சொன்னார். கூடத்தில் ஒரு முனகல் ஓடியது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அணியின் பொது மேலாளர் கிளிஃபர்ட் பெட்டிபோன் எழுந்து மேடைக்கு வந்து, லைலின் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கையைப் பாருங்க. இப்படி ஒரு கை இருக்கிறவனுக்கு ஆட்டம் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்லை. ஆட்டத்தை நாம சொல்லிக் குடுத்துடலாம். கையைச் சொல்லிக் குடுக்க முடியுமா? ஒருத்தன் இன்னிக்கு என்ன கிழிக்கிறான்னு பாக்கிறது ரசிகனோட வேலை. அவன்கிட்ட இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாக்கிறதுதான் நம்ம வேலை. இவன்கிட்ட இருக்கிறது பூரா மிச்சம்தான்."

எல்லோரும் கைதட்டினார்கள். இந்த மிச்சம் என்பதுதான் பெட்டிபோனின் சித்தாந்தம். அவர் வந்த நாள் முதலாக நாரைகள் ஜெயித்த ஆட்டங்களை ஒரு மனிதன் தன் விரல்களிலேயே எண்ணிவிடலாம், ஆனால் மிச்சம் என்று வந்துவிட்டால் நாட்டில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. வருடா வருடம் சேர்ந்துகொண்டே போனது. செலவானால்தானே குறையும்.

அடுத்து மனநல மருத்துவர் ஹாலோரன் அம்மாளின் அறை. அவர் லைலை உட்காரவைத்து, இதமான குரலில் ஆரம்பித்தார்.

"ஒரு வீடு தீப்பிடிச்சு எரியுது, லைல். உள்ளே உங்க அம்மா இருக்காங்க. நம்ம அணியோட உத்திப் புத்தகமும் இருக்கு. எதை வெளியே கொண்டு வருவீங்க?"

"அம்மாவை."

"அம்மா கையில புத்தகம் இருக்கா?"

"இருக்குன்னே வெச்சுக்கலாம், டாக்டர்."

"நல்லது. அப்ப அவசரத்துலயும் யோசிக்கிறீங்க." அம்மாள் எழுதிக்கொண்டார்.

அந்தக் குரலின் இதத்தில் லைல் ஏமாந்துபோனான். வாரக்கணக்கில் அடைத்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "டாக்டர், ஒண்ணு சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு. நெஞ்சு எப்பவும் படபடன்னு அடிச்சுக்குது. தூக்கமே வரமாட்டேங்குது."

பேனா நின்றது. அம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மூணாவது சுற்றுல எடுத்தவங்களுக்குப் பயம் இருக்காது, லைல். ஏழாவது சுற்றுல எடுத்திருந்தா நான் நம்புவேன். பயந்தாங்கொள்ளியை மூணாவது சுற்றுல எடுத்தோம்னா எங்க முறையிலேயே கோளாறுன்னு ஆயிடும். எங்க முறையில கோளாறு கிடையாது. அதனால உங்களுக்குப் பயம் கிடையாது."

"அப்ப இது என்ன, டாக்டர்?"

"விழிப்பு. ஓய்வே இல்லாத விழிப்பு. எங்கேயும் வாய்விட்டுச் சொல்லிடாதீங்க, நான் எழுதிக்கிறேன்."

மறுநாள் காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பெட்டிபோன் அவன் தோளில் தட்டி, பக்கத்தில் இருந்தவரிடம், "பையன் தூங்கவே மாட்டானாம்யா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனார். லைலின் வாயில் இருந்த முட்டை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

மைதானத்தில் அவனுடைய வேலை சொல்வதற்கு எளிது. பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் பின்னால் நிற்பான். அவனை நசுக்க எதிரணி ஆள் பாய்ந்து வருவான். லைல் நடுவில் நின்று அவனைத் தடுக்கவேண்டும். மதிப்பீட்டு முகாமில் தினமும் ஒருவனுக்கு ஒருவனாக இதை நடத்திப் பார்த்தார்கள். லைலுக்கு எதிரே பாய வாய்த்தவன் ஜாவோன் திபோடோ.

ஜாவோன் லூசியானாக்காரன். ஓட்டலில் லைலுடைய அறையையே அவனுக்கும் கொடுத்திருந்தார்கள். எந்தச் சுற்றிலும் எந்த அணியும் எடுக்காதவன். முகாமுக்கு வந்து காட்டிப் பார் என்று சொன்னதை நம்பி பஸ் ஏறி வந்திருந்தான். கை குட்டை. ஆனால் அவன் கிளம்பினால் எங்கே கிளம்பினான், எப்போது வந்து மோதினான் என்று தெரியாது. தெரிவதற்குள் லைல் மல்லாந்து கிடந்து ஒஹையோவின் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் நாள் விழுந்தபோது, இன்றோடு கதை முடிந்தது என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். தொட்டி தெரிந்தது. அப்போது தலைக்கு மேலே அணிப் பெரிய மனிதர்களின் பேச்சுக்குரல் கேட்டது.

"விழுந்ததைப் பாத்தீங்களா? எவ்வளவு நேரம் விழுந்தான்."

"உயரம் அப்படி. இவ்வளவு மோசமா ஆடியே இந்த உருவம்னா, நல்லா ஆட ஆரம்பிச்சா என்ன ஆகும்?"

"இன்னொருத்தன் எப்படி?"

"யாரு, அந்த லூசியானா பையனா? வேகமாத்தான் இருக்கான். ஆனா இருக்கிறதெல்லாம் இப்பவே வெளியே தெரிஞ்சுபோச்சே. மிச்சம்னு ஒண்ணும் காணோம்."

லைல் தினமும் விழுந்தான். தினமும் அவன் மதிப்பு ஏறியது. ஜாவோன் தினமும் ஜெயித்தான், தினமும் ஒரு படி கீழே போனான். தடுப்பு ஆட்டக்காரர்களின் பயிற்சியாளர் பட் கிரன்வால்ட் மட்டும் முதல் நாள், "டேய் நெப்ராஸ்கா, உன்னை நிக்கவைக்கிறதுக்கு ஒரு ஃப்ரிட்ஜை நிக்கவைக்கலாம்டா" என்று கத்தினார். பெட்டிபோன் திரும்பிப் பார்த்தார். "நல்ல ஃப்ரிட்ஜ்," என்று கிரன்வால்ட் சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரும் கத்துவதில்லை.

யாரும் திட்டாததே லைலுக்குப் பெரிய பயமாகிவிட்டது. விழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் மனதில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். ஒரு சாயங்காலம், சாப்பாட்டுக்குப் போவதற்கு முன்னால், அறையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த ஜாவோனிடம் உடைந்துபோய்க் கேட்டேவிட்டான்.

"என்னை அனுப்பிடுவாங்களா, ஜாவோன்?"

"உன்னையா? உன்னை இவனுங்க கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டுவானுங்க. அனுப்பப்போறது என்னைத்தான்டா."

"நீதானே தினமும் ஜெயிக்கிறே."

"யாரை ஜெயிக்கிறேன்? உன்னை. கதவைத் திறந்து வெச்சுட்டு உள்ளே ஓடிவந்தா அதுக்குப் பேரு ஜெயிப்பா? நீ ஒரு தடவையாவது நின்னாத்தான் நான் தள்ளினதுக்கு மரியாதை. நாளான்னிக்கு முதலாளி அம்மா பார்க்க வர்றாங்க. அவங்க முன்னாடி நீ நிக்கணும், நான் உன்னைத் தாண்டணும். அப்பத்தான் எனக்கு வழி." அவன் எழுந்து, கட்டில் மெத்தையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தான். "எழுந்திருடா மாமிச மலை. நான் வரும்போது எதைப் பாக்கிறே?"

"உன் கண்ணை."

"கண்ணு பொய் சொல்லும். தோளும் பொய் சொல்லும். இடுப்பைப் பாரு. இடுப்பு போற பக்கம்தான் நான் போயாகணும். அப்புறம், உன் கையை நீ முதல்ல வை. நான் வெக்கிறவரைக்கும் காத்திருக்காதே. அவ்வளவு நீளக் கையை வெச்சுக்கிட்டு எதுக்குடா காத்திருக்கே?"

சாப்பாட்டு மணி அடிக்கும்வரை மெத்தையோடு முட்டினார்கள். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் புகார் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஜாவோன் பாய்ந்தான். லைல் பயத்தில் வேறு எதையும் பார்க்காமல் இடுப்பையே பார்த்தான். இடுப்பு இடது பக்கம் போயிற்று. லைல் கையை வைத்தான். ஜாவோன் நின்றுவிட்டான். கால் மண்ணைக் கிளறியதே தவிர ஒரு அடி முன்னால் வரவில்லை. விசில் அடித்தது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஜாவோன் சிரித்தான். "பாத்தியா? இப்பத்தான் ஆட்டம், நாளைக்கு உன்னை நிஜமாத் தாண்டறேன்."

லைலுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயம் விட்டிருந்தது. திரும்பிப் பார்த்தான். ஓரத்தில் டேப் வைத்திருந்தவர் இழவு வீட்டுக்கு வந்தவர் போலத் தலையைக் குனிந்து நின்றார். பெட்டிபோன் வேகமாகத் தன் அறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் லைலுக்கு ஆள் வந்தது.

"உக்காருப்பா," என்றார் பெட்டிபோன். முகம் வெளுத்திருந்தது. "என்ன காரியம் பண்ணிட்டே?"

"தடுத்தேன், சார்."

"அதான் கேக்கிறேன். யாரைக் கேட்டுத் தடுத்தே?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உன்னை நான் எப்படி எடுத்தேன் தெரியுமா? இவன் பக்குவப்பட வருஷக்கணக்காகும், பொறுத்திருங்கன்னு முதலாளி அம்மாகிட்ட சொல்லி எடுத்தேன். பொறுத்திருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நீ ஒரு வாரத்துலயே தயாராகி நின்னா, அம்மா என்ன கேப்பாங்க? இவன் தயார்னா அணி ஏன் ஜெயிக்கலைன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எனக்குத் தெரியாது, சார்."

"எனக்கும் தெரியாது. அதனாலதான் இத்தனை வருஷமா யாரையும் தயாராக விட்டதில்லை." நாற்காலியை இழுத்து நெருங்கி உட்கார்ந்தார். "மிச்சம்ங்கிறது பனிக்கட்டி மாதிரி, லைல். வெளியே எடுத்தா கரைஞ்சுடும். நாளைக்கு அம்மா முன்னாடி நீ இப்படி நின்னேன்னா, உன்கிட்ட இருந்தது இவ்வளவுதான்னு ஆயிடும். இவ்வளவுதான்னு ஆனவனை நான் வெச்சுக்க முடியாது. ஊருக்கு அனுப்பத்தான் வேணும். உங்க ஊர்ல ஏதோ தொட்டி எல்லாம் எழுதியிருக்காங்களாமே?"

லைல் தலையாட்டிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் முதலாளி அம்மாள் அகஸ்டா விட்கோம்ப் கைத்தடியோடு வந்து நிழலில் உட்கார்ந்தார். அணியைக் கணவர் வாங்கி, ஜெயிக்கக் காத்திருந்து, காத்திருந்தபடியே போய்ச் சேர்ந்திருந்தார்.

"கிளிஃபர்ட், எப்பதான் ஜெயிப்போம்?"

"அடித்தளம் போட்டுக்கிட்டு இருக்கோம், அம்மா."

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதையேதான் சொன்னீங்க."

"அதே அடித்தளம்தான், அம்மா. இன்னும் ஆழமாப் போயிருக்கோம்."

லைலும் ஜாவோனும் எதிரெதிரே குனிந்தார்கள். "நல்லா நில்லுடா," என்று ஜாவோன் முணுமுணுத்தான். "எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு." விசில் அடித்தது. ஜாவோனுடைய இடுப்பு வலது பக்கம் போவது பட்டப்பகலாகத் தெரிந்தது. கையை வைக்க நேரமும் இருந்தது. லைலின் கண்ணுக்குள் சிவப்பு எழுத்துகள் எரிந்தன. ஜாவோனின் கை அவன்மேல் படுவதற்கு முன்பே மல்லாந்து விழுந்தான்.

ஜாவோன் வெறும் காற்றில் பாய்ந்து, தடுமாறி, முழங்காலில் விழுந்து நின்றான்.

"அடடா," என்றார் முதலாளி அம்மாள். "இவனுக்கு இன்னும் நிறையச் சொல்லிக் குடுக்கணும் போலிருக்கே."

"நிறைய," என்றார் பெட்டிபோன். கண்ணில் நீர் திரண்டிருந்தது. "வருஷக்கணக்கா."

அன்று மத்தியானமே ஜாவோனை அனுப்பிவிட்டார்கள். ஆளே தொடாமல் விழுந்தவனைக்கூட ஒழுங்காகத் தாண்டத் தெரியவில்லை என்பது மதிப்பீடு. லைல் அறைக்குப் போனபோது பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தான்.

"ஜாவோன், எனக்குப் பயமாயிடுச்சுடா."

"தெரியும். உன் இடுப்பைப் பாத்தேன்." அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். கோபமாகப் பேசியிருந்தால் லைலுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "மெத்தையைத் திரும்பக் கட்டில்ல போட்டுடு. இல்லேன்னா அதுக்கும் என்னைத்தான் சொல்வானுங்க."

லைலை வைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்டப் பருவம் முழுக்க, அடுத்த பருவமும், மேல்கோட்டைப் போர்த்தி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஜட்டியோடு மேடையேற்றி அளந்தார்கள். இரண்டாம் வருடம் கை ஒரு விரற்கடை நீண்டிருப்பதாக அறிவித்தார்கள், பலத்த கைதட்டல். வேறொன்று அவனைத் தனியாகப் பயமுறுத்தியது. பயிற்சியில் எதிராளி பாய்ந்து வரும்போது அவன் கால்கள் தாமாகவே மண்ணைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தன. நிற்பது பழகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவற்றைக் கெஞ்சித்தான் விழவைக்கவேண்டியிருந்தது.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு மத்தியானம் பிட்ஸ்பர்க்கிலிருந்து எதிரணி வந்தது. அதில் ஜாவோன் இருந்தான். அவர்களுக்கு மிச்சம் பற்றிய படிப்பெல்லாம் கிடையாது, ஓடுகிறானா என்று பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பாதியிலேயே நாரைகளின் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கிரன்வால்ட் பெஞ்சைப் பார்த்தார். லைல் ஒருவன்தான் பாக்கி. லைல் எழுந்து ஹெல்மெட்டைக் கையில் எடுத்தான். அவர் காதுக்கருவியில் மேல்மாடத்திலிருந்து பெட்டிபோனின் குரல் அலறியது பெஞ்சுவரை கேட்டது.

"குசேராவை இறக்காதே, பட். வீணாயிடுவான்."

கிரன்வால்ட், பந்தை உதைப்பதற்கென்று வைத்திருந்த ஒல்லிப் பையனை ஜாவோனுக்கு எதிரே அனுப்பினார். குவார்ட்டர்பேக்கை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைய தோல்விக்குப் பிறகு பத்திரிகையாளர்களிடம் பெட்டிபோன் சொன்னார்: "எல்லாத்தையும் இழந்துட்டோம்னு எழுதாதீங்க. முக்கியமானதைக் காப்பாத்திட்டோம்."

மைதானத்தை விட்டுப் போகும்போது ஜாவோன் பெஞ்சோரம் நின்றான். விரலில் கட்டு, மூக்கில் ரத்தம், ஒரு கால் இழுத்தது. லைலின் மேல்கோட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னும் அப்படியே வெச்சிருக்கியாடா?"

"அப்படியே இருக்கு," என்றான் லைல்.

ஜாவோன் தலையை ஆட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனான். அவன் ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டார்கள்.

உடைமாற்றும் அறையில் லைலுக்கு உடை மாற்ற ஒன்றும் இல்லை, சட்டையில் ஒரு துளி வியர்வைகூட இல்லை. போன் அடித்தது. மார்வ் மாமா.

"டேய், டிவியில உன்னைக் காட்டினான்டா. உக்காந்திருந்தே. தீயணைப்புக் கொட்டகையில ஊரே கூடிக் கைதட்டிச்சு. அப்புறம் ஹெல்மெட்டை எடுத்துட்டு எழுந்தே பாரு, உங்கம்மா அழுதுட்டா. ஏன்டா மறுபடி உக்காந்துட்டே?"

லைல் மேல்கோட்டின் பொத்தானைத் திருகினான்.

"சரி, அதை விடு. தொட்டியில பெயிண்ட் உரிய ஆரம்பிச்சுடுச்சு. உன் பேர்ல பாதியைக் காணோம். புதுசா அடிச்சுடவா, இல்ல அழிச்சுட்டுத் தொட்டியைத் தொட்டியா விட்டுடவா? உள்ளதைச் சொல்லு, நாங்க ஒண்ணும் நினைச்சுக்கமாட்டோம். நீ எப்பத்தான் ஆடப்போறே?"

அழிச்சுடுங்க மாமா என்று சொல்ல வாயைத் திறந்தான். மூன்று வருடமாக அவன் பயந்துகொண்டிருந்தது அந்தத் தொட்டிக்குத்தான். அது இதோ தானாகவே உரிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை போதும், நாளைக்கே ஊருக்குப் போய் நிமிர்ந்து நடக்கலாம்.

"அடிச்சுடுங்க, மாமா," என்றான். "கொஞ்சம் பொறுத்திருங்க. இப்பதான் அடித்தளம் போட்டுக்கிட்டு இருக்கோம்."

போனை வைத்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது யாருடைய பேச்சு என்று அவனுக்கு உறைத்தது. மேல்கோட்டுக்குள்ளேயே உடம்பு சில்லிட்டுப்போயிற்று. எழுந்திருக்கப் பார்த்தான். கால்கள் அசையவில்லை. நிற்காதீர்கள் என்று அவற்றைக் கெஞ்சவேண்டிய அவசியம்கூட இப்போது இல்லை.